மத்தி மீனைப் பின்தொடர்வோம்

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் 'தில்லி ஹாட் - ஐ.என்.ஏ.' என்றொரு நிலையம். படியேறி வெளியே வந்தால் ஒரு பக்கம் கைவினைப் பொருள்களும் பல மாநிலச் சாப்பாடும் கிடைக்கும் தில்லி ஹாட். சாலைக்கு மறுபக்கம் ஐ.என்.ஏ. மார்க்கெட். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைத்தான் அந்த மூன்று எழுத்துகள் குறிக்கின்றன. தில்லியில் வாழும் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் இது ரொம்ப வேண்டிய இடம். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழையிலை, கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு என்று ஊரில் கிடைப்பதெல்லாம் இங்கே கிடைக்கும். இன்னும் உள்ளே போனால் மீன் கடைகள். ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டிகளில் ரோகு, கத்லா, வஞ்சிரம், இறால், மத்தி.

பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கிறவர்கள் நடந்தே வந்து பார்த்துவிடலாம். மற்றவர்கள் உங்கள் ஊர்ச் சந்தையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். எந்தச் சந்தைக்கும் இந்தக் கதை பொருந்தும்.

சூழல் மண்டலம் என்றதும் பாடப்புத்தகம் காட்டையும் குளத்தையும் காட்டும். செடி உணவு தயாரிக்கும், மான் செடியைத் தின்னும், புலி மானைத் தின்னும், எல்லாம் செத்த பிறகு பாக்டீரியாவும் பூஞ்சையும் அவற்றைச் சிதைத்து மண்ணில் சேர்க்கும், மறுபடி செடி. அம்புக்குறிகள் அழகாக ஒரு வட்டம் போட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அந்தப் படம் சரியானதுதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் காட்டில் வாழவில்லையே! நகரத்தில் அந்த வட்டம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மார்க்கெட்டைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் கீரையும் இலையும் காயுமாகப் பச்சை நிறத்துக்குக் குறைவே கிடையாது. ஆனால் மண்ணில் வேர் ஊன்றி, வெயிலைப் பிடித்து உணவு சமைத்துக்கொண்டிருக்கும் செடி எத்தனை என்று தேடிப் பாருங்கள். கடைகளில் இருப்பவை எல்லாமே வேறெங்கோ விளைந்து, அறுபட்டு வந்தவை. உண்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், சிதைக்கும் உயிர்களும் ஏராளம், உற்பத்தி செய்பவர்தான் ஊரிலேயே இல்லை. அப்படியானால் இங்கே குவிந்திருக்கும் சத்தெல்லாம் எங்கிருந்து வந்தது? தின்ற பிறகு எங்கே போகிறது?

ஒரே ஒரு மீனை எடுத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவோம். மத்தியே இருக்கட்டும். தமிழ்நாட்டில் சில கடற்கரைகளில் இதைச் சாளை என்பார்கள்.

கேரளக் கரையில் பிடித்த மத்தி தில்லிக்கு வர சாலை வழியாக 2,500 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆனால் அந்த மீனின் கதை வலையில் தொடங்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, காற்றின் தள்ளலும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடும். காலியான அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறி வரும். அது வெறும் தண்ணீர் இல்லை. பல காலமாகக் கடலில் செத்து, கீழே அமிழ்ந்து, பாக்டீரியாவால் சிதைக்கப்பட்ட உயிர்களின் மிச்சம் முழுவதும் அதில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் கரைந்திருக்கிறது. இருட்டில் கிடந்த அந்தச் சத்து வெளிச்சத்துக்கு வந்ததும் டயாட்டம் என்கிற நுண்பாசிகள் கோடிக்கணக்கில் பெருகும். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு போர்த்திய ஒற்றைச் செல் உயிர்கள் அவை. மத்திக்கு அவைதான் விருந்து. கேரளத்தில் மழைக்காலத்தை ஒட்டி மத்தி கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வருவதற்குப் பின்னால் இந்த நீரோட்டம் இருக்கிறது. ஆக, மார்க்கெட்டில் பளபளவென்று கிடக்கும் மத்திக்குள் இருப்பது கடலின் ஆழத்திலிருந்து மேலே வந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும்.

இந்த நைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாம் இழுக்கும் மூச்சில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். இருந்தும் அதில் ஒரு துளியைக்கூட நம் உடலால் பயன்படுத்திக்கொள்ள முடியாது. உள்ளே போனது அப்படியே வெளியே வந்துவிடுகிறது. காரணம், காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புகளால் ஒன்றை ஒன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தி நைட்ரஜனை உயிர்களுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றத் தெரிந்தவை சில வகை நுண்ணுயிர்கள் மட்டுமே. அரபிக்கடலில் ட்ரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியா இதைச் செய்கிறது. கோடையில் அது பெருகும்போது கடல்மீது மரத்தூள் தூவியதுபோல் மிதக்கும். நிலத்தில் ரைசோபியம். குளிர்காலத்தில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் குவியும் பச்சைப் பட்டாணி இருக்கிறதே, அந்தச் செடியின் வேர் முடிச்சுகளில் குடியிருப்பது அதுதான். துவரை, உளுந்து, கொள்ளு, நிலக்கடலை எல்லாவற்றின் வேரிலும் அதன் இனத்தார் உண்டு. மின்னலும் கொஞ்சம் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது.

மனிதன் இந்த வித்தையைக் கற்றது மிகவும் பிந்தி. 1909-இல் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வகத்தில் காற்று நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். 1913-இல் கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை ஆக்கினார். யூரியா மூட்டையின் வரலாறு அங்கே தொடங்குகிறது. இன்று உலக மக்களின் உடலில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி ஏதோ ஓர் உரத் தொழிற்சாலை வழியாக வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எத்தனை எரிவாயு, எத்தனை அழுத்தம், எத்தனை வெப்பம் செலவழித்துப் பிடித்த பொருள்! அதை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் இனிமேல் வரும் கதை.

நம் மத்திக்கு வருவோம். நூறு கிராம் மத்திச் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள்: 3.2 கிராம். மத்திக் குழம்பு சாப்பிட்டதும் அந்த 3.2 கிராம் உங்களுக்குள் வந்துவிட்டது. நீங்கள் வளர்கிற வயதில் இருப்பதால் அதில் சிறிதளவு தசையாகும், தலைமுடியாகும், நகமாகும். மிச்சம்? ஓரிரு நாளில் பெரும்பகுதி யூரியாவாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும். வளர்ந்து முடித்த பெரியவர்களுக்கு அநேகமாக உள்ளே போன அளவே வெளியே வந்துவிடும். உரக்கடை யூரியாவும் இந்த யூரியாவும் ஒரே பொருள்தான், மூலக்கூறில் எந்த வேறுபாடும் இல்லை. ஒன்றை விலை கொடுத்து வாங்கி வயலில் போடுகிறோம், மற்றதைத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிடுகிறோம்.

தள்ளிவிட்டது எங்கே போகும்? தெற்கு தில்லியில் இந்தப் பக்கத்துக் கழிவுநீர் சேரும் ஓடைகளில் ஒன்று குஷக் நாலா. அது பாராபுல்லா நாலாவில் கலக்கும், பாராபுல்லா யமுனையில் கலக்கும். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் கழிவுநீருக்கு நல்ல கதி கிடைக்கிறது. அங்கே காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள். பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாகவும், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். பிறகு ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனைக் காற்றுக்கே விட்டுவிடும். சுத்திகரிக்காமல் ஓடையில் ஓடும் நீருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அதிலிருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோவதால் அம்மோனியா அம்மோனியாவாகவே ஆற்றுக்கு வந்து சேரும். குளிர்காலத்தில் தில்லியில் குடிநீர் குறையும் என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். தில்லிக்கு மேலே உள்ள ஊர்களின் கழிவால் வசீராபாதில் யமுனை நீரின் அம்மோனியா கூடிவிட்டால், சுத்திகரிப்பு நிலையங்கள் உற்பத்தியைக் குறைக்க வேண்டிவருகிறது. நகரத்துக்குள் நுழையும் முன்பே ஆற்றுக்கு அந்த நிலைமை. பிறகு நம் பங்கும் சேர்கிறது. யமுனையின் மொத்த நீளம் 1,376 கிலோமீட்டர். வசீராபாதிலிருந்து ஓக்லா வரை அது தில்லிக்குள் ஓடுவது வெறும் 22 கிலோமீட்டர். அந்த ஆற்றில் சேரும் மாசில் மிகப் பெரிய பங்கு இந்தச் சிறு துண்டில்தான் விழுகிறது.

ஓக்லா தடுப்பணைக்குக் கீழே காளிந்தி குஞ்சில் ஆற்றின்மேல் வெள்ளை நுரை மலைபோல் மிதக்கும் படத்தையும் பார்த்திருப்பீர்கள். சலவைத் தூளின் வேதிப்பொருள்கள், பாஸ்பேட், சுத்திகரிக்காத கழிவு எல்லாம் கலந்த நீர் அணையிலிருந்து விழுந்து கலங்கும்போது எழும் நுரை அது. வயலில் இருந்தால் உரம் என்று பெயர் வாங்கியிருக்கும் பாஸ்பரஸ் அதில் இருக்கிறது என்பதுதான் எனக்கு மனத்தைப் பிசைகிற விஷயம்.

யமுனை பிரயாக்ராஜில் கங்கையோடு சேர்ந்து வங்கக் கடலுக்குப் போகிறது. பார்த்தீர்களா வேடிக்கையை! அரபிக்கடலின் ஆழத்திலிருந்து ஏறி வந்த சத்து, மத்தியாகி, லாரியில் ஏறி, தில்லியில் குழம்பாகி, ஒரு பையனின் அல்லது பெண்ணின் உடலுக்குள் ஒரு நாள் தங்கி, இந்தியாவின் மறுகரைக் கடலுக்குக் கிளம்பிவிட்டது. வழியில் எந்த வயலுக்கும் அது போகாமலே இருந்துவிடலாம்.

நைட்ரஜனாவது காற்றுக்குத் தப்பிப் போய், மறுபடி ஏதோ ஒரு பட்டாணிச் செடியின் வேரில் பிடிபடும். பாஸ்பரஸுக்கு அந்த வழியும் இல்லை. அது காற்றில் வாயுவாகப் பறப்பதில்லை. கடலுக்குப் போனால் பெரும்பகுதி அடியில் படிந்து பாறையாகும். அந்தப் பாறை மேலே எழும்பி நிலமாக வரப் பல கோடி ஆண்டுகள் ஆகும். ராஜஸ்தானில் உதய்பூருக்கு அருகே ஜாமர்கோட்ரா என்ற இடத்தில் பாஸ்பேட் பாறையை வெட்டி எடுக்கிறார்கள். ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமில்லாத கடலில் வாழ்ந்த நீலப்பச்சைப் பாக்டீரியாக்களின் குடியிருப்புகள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. அந்தப் பாறைகள் ஆரவல்லி மலைத்தொடரைச் சேர்ந்தவை. அதே தொடரின் வடக்கு நுனிதான் தில்லிக்குள் இருக்கும் ரிட்ஜ் காட்டுப் பகுதி. நம் நாட்டுக்கு வேண்டிய பாஸ்பேட்டில் பெரும்பகுதியை மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரவழைக்கிறோம். உங்கள் எலும்பிலும் பல்லிலும் உறுதியாக உட்கார்ந்திருப்பது இந்தப் பாஸ்பரஸ்தான். மத்தியின் முள்ளிலும் அதுவே.

முள் என்றதும் நினைவுக்கு வருகிறது, மீனில் நாம் தின்னாத பகுதிகள் இருக்கின்றனவே. குடல், செதில், செவுள், தலை. வெட்டித் தரும் கடைக்கு மேலே ஒரு நிமிடம் நிமிர்ந்து வானத்தைப் பாருங்கள். கள்ளப் பருந்து வட்டமிடும். வேட்டைப் பறவைகள் உலகிலேயே மிக நெருக்கமாக வாழும் நகரங்களில் தில்லியும் ஒன்று. இறைச்சிக் கழிவும் குப்பைமேடும்தான் இத்தனை பருந்துகளுக்குச் சோறு போடுகின்றன. குளிர்காலத்தில் இவற்றோடு விருந்தாளிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆய்வாளர் நிஷாந்த் குமாரும் அவருடைய குழுவினரும் இந்த விருந்தாளிப் பருந்துகளின் முதுகில் சிறிய ஜி.பி.எஸ். கருவி பொருத்திக் கவனித்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவை கசகஸ்தான், ரஷ்யா, சீனா, மங்கோலியா வரை போய்க் கூடு கட்டுகின்றன. போகிற வழியில் 6,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இமயத்தைக் கடக்கின்றன. அப்படியானால் தில்லியில் தின்ற உணவின் சத்தில் கொஞ்சம் மங்கோலியப் புல்வெளியில் எச்சமாக விழுகிறது! அம்புக்குறி போட்டுப் பாருங்கள், காகிதம் போதாது.

இப்படி மிச்சத்தைத் தின்று தீர்க்கும் உயிர்களை யாரும் பாராட்டுவதில்லை. ஒன்று காணாமல் போனால்தான் அதன் அருமை தெரியும். வெண்முதுகுப் பாறுக் கழுகுகள் ஒரு காலத்தில் வட இந்தியா முழுக்க ஏராளமாக இருந்தன. 1990-களிலிருந்து அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்துவிட்டன. மாட்டுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குப் போய் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-இல் காரணம் வெளிப்பட்டது. 2006-இல் இந்தியாவில் அதைக் கால்நடைகளுக்குத் தரத் தடை வந்தது. நம் நீலகிரிக்குக் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. போனால் தூரத்திலிருந்தே பாருங்கள், கூட்டை நெருங்காதீர்கள்.

பருந்தும் பூனையும் தின்றது போக மிச்சம் குப்பை வண்டிக்குப் போகும். தில்லியில் மூன்று குப்பை மலைகள்: காசிப்பூர், ஓக்லா, பல்ஸ்வா. காசிப்பூரில் குப்பை கொட்டத் தொடங்கியது 1984-இல். 2002-லேயே அது நிரம்பிவிட்டது. ஆனாலும் கொட்டுவது நிற்கவில்லை. 2019-இல் அதன் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். குதுப்மினாரின் உயரம் 73 மீட்டர்தான்! 2017 செப்டம்பரில் மலையின் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரலில் அங்கே பெரிய தீ பிடித்தது. ஏன் தீப்பிடிக்கிறது? காய்த்தோலும் மீன் குடலும் காற்றுப் பட மட்கினால் கரியமில வாயுவும் எருவும் கிடைக்கும். பிளாஸ்டிக்கோடு கலந்து, காற்று புகாமல் புதைந்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கி மீத்தேனை வெளிவிடும். மீத்தேன் எரியும் வாயு. அது பூமியைச் சூடாக்குவதிலும் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது.

அதே மீத்தேனைக் கலத்துக்குள் பிடித்தால் அடுப்பெரிக்கலாம், விளக்கேற்றலாம். ஹைதராபாதில் போவன்பல்லி காய்கறிச் சந்தையில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு 10 டன் காய்கறிக் கழிவிலிருந்து 500 யூனிட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும்படி அங்கே ஒரு நிலையம் அமைத்தார்கள். இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்நுட்பம் அது. எனக்கு மின்சாரத்தைவிடப் பெரிதாகத் தெரிவது, கடைசியில் மிஞ்சும் கூழ். வாயுவாகப் போவது கார்பனும் ஹைட்ரஜனும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூழிலேயே தங்கிவிடுகின்றன, அதை வயலுக்குக் கொண்டுபோகலாம். அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுவது அந்தக் கூழ்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சந்தையிலேயே காய்த்தோல் வேறு, பிளாஸ்டிக் பை வேறு என்று பிரித்து வைத்திருக்க வேண்டும். கலந்துவிட்டால் எந்த இயந்திரமும் உதவாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடுகள் படுத்துக் கிடக்கும், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குப் போகும். கிடைக்காரருக்கு நில உரிமையாளர் கூலியாகப் பணமோ நெல்லோ கொடுப்பார். கொழுஞ்சியையும் தக்கைப்பூண்டையும் வளர்த்து மடக்கி உழுவார்கள், இரண்டும் வேர் முடிச்சு உள்ளவை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் தங்கி, இந்திய உழவர்களின் பழக்கங்களைக் கவனித்து, செடிக் கழிவையும் சாணத்தையும் அடுக்கிக் காற்றோட்டமாக மட்கவைக்கும் முறையை வகுத்தார். அது இந்தூர் முறை என்றே உலகமெங்கும் பெயர் பெற்றது. இன்று தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் மீன் கழிவோடு சம எடை வெல்லம் சேர்த்து, மூடி வைத்து நொதிக்க விட்டு, மீன் அமிலம் தயாரிக்கிறார்கள். நிறையத் தண்ணீர் கலந்து பயிருக்குத் தெளிக்கிறார்கள். உங்கள் பாட்டி "மீன் கழுவின தண்ணியக் கொட்டாதடா, கறிவேப்பிலைக்கு ஊத்து" என்று சொல்லியிருந்தால், அவரும் ஒரு நைட்ரஜன் அணுவைக் குழாய்க்குள் போகாமல் தடுத்தவர்தான்.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். மூன்று கண்ணாடிப் புட்டிகள் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரோடு போய், குளத்து நீரோ மீன்தொட்டி நீரோ கொண்டுவந்து வடிகட்டி, மூன்றிலும் ஒரே அளவு ஊற்றுங்கள். முதல் புட்டியை அப்படியே விடுங்கள். மற்ற இரண்டிலும் மீன் கழுவிய தண்ணீர் இரண்டு கரண்டி சேர்க்க வேண்டும். மீன் சமைக்காத வீடு என்றால் பருப்புக் களைந்த தண்ணீர் போதும். கொசு முட்டையிடாதபடி வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள். முதலிரண்டையும் வெளிச்சமான ஜன்னலில் வைத்து, மூன்றாவதை அட்டைப் பெட்டிக்குள் மூடி வையுங்கள். இரண்டு வாரம் தினமும் நிறத்தை எழுதிவையுங்கள். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

எந்தப் புட்டி அதிகம் பச்சையாகும் என்று இப்போதே ஊகித்து நோட்டில் குறித்துவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் புட்டியிலும் இரண்டாவதில் இருக்கும் அதே சத்துதான் இருக்கிறது. அங்கே அது எந்த உயிருக்குள் இருக்கும், தண்ணீரில் என்னவாகக் கரைந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருங்கள். விடைக்கு உதவும் குறிப்பு ஒன்று: அந்தத் துணியைத் திறக்கும்போது வரும் வாடை.